மாட்ரிகல்: ஒரு சொல்லின் கதை

இரவுச் சாப்பாடு முடிந்தது. பாட்டுப் புத்தகங்கள் மேசைக்கு வருகின்றன. வீட்டுக்காரம்மா அதில் ஒன்றை எடுத்து விருந்தாளியிடம் நீட்டி, இந்தக் குரலை நீங்கள் பாடுங்கள் என்கிறார். விருந்தாளிக்குப் பாடத் தெரியாது. எவ்வளவோ மழுப்பிப் பார்த்து, கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இவரை எப்படித்தான் வளர்த்தார்களோ என்று சிலர் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். தாமஸ் மோர்லி என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1597இல் வெளியிட்ட இசைப் பாடநூல் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. வெட்கம் தாங்காத அந்த மனிதர் நேராகப் பாட்டு வாத்தியாரைத் தேடிப் போகிறார்.

இப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடத் தோதான பாட்டுதான் மாட்ரிகல். இத்தாலிய மொழியில் மாட்ரிகாலே. சிறு கவிதை ஒன்றை நாலைந்து பேர், ஆளுக்கொரு மெட்டில், ஒரே நேரத்தில் பாடுவார்கள். ஒருவர் முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு என்ற கணக்கு கிடையாது. எல்லா மெட்டும் சமம்.

அந்தப் புத்தகங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். நான்கு குரல் என்றால் நான்கு தனிப் புத்தகங்கள். மேல்குரல்காரரின் புத்தகத்தில் மேல்குரல் மட்டுமே இருக்கும். கீழ்க்குரல் என்ன பாடுகிறது என்பது அதில் இருக்காது. தாளத்தைப் பிரித்துக் காட்டும் குறுக்குக் கோடுகளும் இல்லை. ஆக, முழுப் பாட்டையும் யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவரைக் காதால் கவனித்துக்கொண்டே தன் வழியில் போக வேண்டும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. 1332இல் அந்தோனியோ தா தெம்போ என்ற பதுவா நகரத்துக்காரர், ஆட்டு மந்தையைக் குறிக்கும் 'மாண்ட்ரா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எழுதினார். அதாவது, முதலில் இடையர் பாட்டு. நம் முல்லைத் திணை நினைவுக்கு வருவதால் எனக்கு இந்த விளக்கத்தின் மேல் ஒரு சாய்வு உண்டு. ஆனால் ஆசை வேறு, ஆதாரம் வேறு. இன்று பலரும் ஏற்பது 'மாத்ரிகாலிஸ்' என்ற லத்தீன் சொல்லை. தாய் சார்ந்தது என்று பொருள். லத்தீனில் அல்லாமல் தாய்மொழியில் எழுதிய பாட்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியிலும் மாட்ரிகல் இருந்தது. இரண்டு மூன்று குரலுக்கான அந்த வடிவம் வழக்கொழிந்து போனது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1520களில் தலையெடுத்த மறுமலர்ச்சிக் கால மாட்ரிகலுக்கும் அதற்கும் பெயர்தான் பொது. புதியதன் தலைப்பில் இந்தப் பெயர் தாங்கிய முதல் அச்சு நூல் 1530இல் ரோமில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வெர்தெலோ, அர்காதெல்த் போன்ற முதல் தலைமுறை முன்னோடிகள் பலர் இத்தாலியரே அல்லர். ஆல்ப்ஸுக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள்.

அர்காதெல்த்தின் முதல் தொகுப்பு (1539) 50 தடவைக்கு மேல் மறுபதிப்பு கண்டது. அதிலுள்ள அன்னப்பறவைப் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. அன்னம் பாடிக்கொண்டே சாகிறது, நானோ அழுதுகொண்டே என் முடிவை நெருங்குகிறேன் என்று காதலன் சொல்கிறான். 'அழுதுகொண்டே' என்ற சொல் வரும்போது, அதுவரை தெளிவாகப் போன இசையில் எதிர்பாராத ஒரு கோமள (அரைப்படி இறங்கிய) சுரம் வந்து விழும். கடைசி வரியில் நாளுக்கு ஆயிரம் சாவு என்றாலும் சம்மதம் என்கிறான். அங்கே குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சொற்களோடு நுழைந்துகொண்டே இருக்கும். ஆயிரம் என்பது காதுக்கே கேட்கும். 'சாவு' என்பதற்கு அக்காலக் காதல் கவிதையில் கலவியின் உச்சம் என்று இன்னொரு பொருளும் உண்டு. பாடியவர்களுக்கு அது தெரியும்.

சொல்லை இப்படி இசையால் வரைந்து காட்டுவதுதான் மாட்ரிகலின் உயிர். தாமஸ் வீல்க்ஸ் 1601இல் எழுதிய ஆங்கில மாட்ரிகலில் 'இருவர் இருவராக' என்றால் இரண்டு குரல், 'மூவர் மூவராக' என்றால் மூன்று, 'தன்னந்தனியாக' என்றால் ஒற்றைக் குரல். லூகா மாரென்ட்சியோ போன்ற இத்தாலிய இசையமைப்பாளர்கள் 'கண்கள்' என்ற சொல்லுக்கு இரண்டு வெள்ளை வட்டச் சுரக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். கேட்பவருக்கு அது தெரியாது, பாடுபவர் மட்டும் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். பாட்டின் எழுத்துகளைப் படம்போல் அடுக்கிய நம் சித்திரகவிக்காரர்கள் இவர்களைக் கண்டிருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'காதற்பாட்டு' என்பது முதலில் தோன்றும். அது போதாது. ஓர்லாந்தோ தி லாஸ்ஸோ என்ற இசையமைப்பாளர் 1594இல், இறப்பதற்கு 3 வாரம் முன்பு முடித்த தொகுப்பு புனித பேதுருவின் கண்ணீரைப் பற்றியது. இயேசுவை மறுதலித்தவரின் கழிவிரக்கம் அது. அதிலும் 20 மாட்ரிகல்கள் உண்டு. 'சேர்ந்திசை'யும் பொருந்தாது, சேர்ந்திசை என்றதும் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவதுதான் நம் மனதில் வரும். 'ஆயர் பாட்டு' என்று போடலாமா என்றால், பொருளை விட்டு வேரைப் பிடித்துத் தொங்குவதாகிவிடும்.

என் தேர்வு 'பல்குரற்பா'. பா என்பதால் கவிதை முதலில் வருகிறது, பல்குரல் என்பதால் தனித்தனி மெட்டு வருகிறது. பிரித்து எழுதும்போது மட்டும் புள்ளியில் கவனம் வேண்டும். 'பலகுரல்' என்று எழுதிவிட்டால் அது மிமிக்ரி. மறுமலர்ச்சி இசைக் கச்சேரிக்கு வந்தவர் நடிகர் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் மொந்தேவெர்தி 1619இல் வெளியிட்ட 7ஆம் மாட்ரிகல் நூலில் வாத்தியங்களோடு ஒருவரே பாடும் பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பல்குரற்பா என்பது பொய். அங்கே கஸல், ஹைக்கூ மாதிரி 'மாட்ரிகல்' என்றே எழுதிவிட்டுப் போகலாம்.