கடி எதையெல்லாம் நிறுத்திவிட்டது?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கொளுத்தும் வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. எட்டு மாதமாக உடம்பெல்லாம் கடி, அதாவது அரிப்பு. பாமசியில் வாங்கிய கிறீம்கள், வேப்பிலை, மஞ்சள் எல்லாம் பூசிப் பார்த்து முடிந்த பிறகுதான் எங்களிடம் வந்திருக்கிறார். தோலில் நகக்கீறல்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறன்."

வன்னியில் இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்த சனம் கடியை ஒரு வருத்தமென்று சொல்லவே வெட்கப்படுகிறது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆறு கிழமைக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட கடி. தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறதென்று பார்க்க உலகெங்கும் அதிகம் பாவிப்பது டி.எல்.கியூ.ஐ. என்ற கேள்வித்தாள், ஃபின்லே, கான் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்டது. கடந்த ஒரு கிழமையைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூடியது 30. 6 முதல் 10 வரை என்றால் நடுத்தரப் பாதிப்பு, 11இலிருந்து பெரிய பாதிப்பு.

அந்த அம்மாவுக்கு வந்தது 7. கடிக்கு 3, வெட்கம், வீட்டு வேலை, உடுப்பு, மருந்து பூசும் கரைச்சல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மற்ற ஐந்துக்கும் 'எனக்குப் பொருந்தாது' என்றார். அந்தப் பதிலுக்குப் புள்ளி பூச்சியம். விளையாட்டு பொருந்தாது, சரி. கணவர் இல்லாதவர், தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் பொருந்தாது. ஆனால் வேலை? "இப்ப கூலிக்குப் போறதில்லை." ஏன் போவதில்லை? வியர்த்தால் கடி கூடுகிறது, வயலில் நின்று சொறிந்தால் மற்றப் பெண்கள் தள்ளிப் போகிறார்கள். கோயில், கலியாணவீடு? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கே இந்த முறை போகவில்லையாம். அப்படியானால் இரண்டும் பொருந்தாதவை இல்லை, கடி நிறுத்தி வைத்தவை. இரண்டுக்கும் மூன்று மூன்று போட்டதும் 7 என்பது 13 ஆனது. அதே ஆள், அதே கடி. ஏற்கெனவே சுருங்கிப்போன வாழ்க்கையை இந்தத் தாள் குறைத்துத்தான் காட்டும், ஆகவே 'பொருந்தாது' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பெரிய குறை, அந்தப் பத்தில் நித்திரை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கடி கூடுவது இரவில்தானே! விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் கண் அயர்கிறது என்றும், தொற்றிவிடும் என்ற பயத்தில் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் படுக்க விடுவதில்லை என்றும் அந்த அம்மா சொன்னது நான் தனியாகக் கேட்ட பிறகுதான். கடிக்கென்றே பின்னர் வந்த தாள்கள், 2008இல் வந்த 22 கேள்வித் தாளும் 2010இல் வந்த ஐந்து அம்ச அளவும், நித்திரையைக் கேட்கின்றன. சனம் நிறைந்த கிளினிக்கில் அவ்வளவுக்கு நேரமில்லையென்றால், கடந்த 24 மணி நேரத்தில் கடி உச்சத்தில் இருந்தபோது பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை எழும்பினீர்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்ற மூன்றையாவது கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிவிடலாம், அடுத்த முறையும் அதையே கேட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

அளப்பதோடு காரணத்தையும் தேட வேண்டும். தோலில் ஒன்றுமில்லாத கடிக்குப் பின்னால் சிறுநீரகம், ஈரல், தைரொயிட், இரும்புச்சத்துக் குறைவு எதுவும் இருக்கலாம். சிறுநீரக நோய் அதிகமுள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த அம்மாவுக்கும் சிறுநீரகம்தான். அந்தக் கடிக்கு வழக்கமான அலர்ஜிக் குளிசை அநேகமாகக் கேட்காது, வேறு மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் இரவுக் கடி என்றால் அது வேறு கதை, அநேகமாகச் சிரங்குப் பூச்சி, எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பாமசியில் ஸ்டீரொயிட் கலந்த கிறீமை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள், படர்தாமரையாக இருந்தால் அது மறைந்து மறைந்து பரவும்.

வீட்டில் யாராவது ஆறு கிழமையாகச் சொறிந்துகொண்டிருந்தால், கிளினிக்குக்கு வரும்போது அவர்களோடு ஒரே வீட்டில் படுக்கும் ஒருவரும் வாருங்கள். இரவில் நடப்பதை அவர்கள்தான் மறைக்காமல் சொல்வார்கள்.