சேர்ந்தவர் 60, முடித்தவர் எத்தனை?

ஐந்தாண்டுத் திட்டம் எழுதச் சொன்னால் நம் கல்லூரிகள் புதுக் கட்டடம், புதுப் பாடப்பிரிவு, கூடுதல் இடங்கள் என்றுதான் ஆரம்பிக்கும். வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் இன்றைக்குக் கல்லூரியில் சேர்வது அவ்வளவு பெரிய பாடில்லை. அரசு கலைக் கல்லூரிக்குச் சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பாடெல்லாம் சேர்ந்த பிறகுதான்.

ஒரு கணக்கு போடுவோம். பி.காம். வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள். கடைசி செமஸ்டரை 41 பேர் எழுதி 37 பேர் தேறுகிறார்கள். எழுதியவர்களை வைத்து வகுப்பதால் அறிக்கையில் தேர்ச்சி 90 விழுக்காடு. சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் 62-ஐத் தொடாது. நடுவில் நின்றுபோன 19 பேர் எந்தப் படிவத்திலும் இல்லை. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் கல்லூரிப் பதிவேட்டை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குறுகிய காலப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு அமெரிக்காவில் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கியது. நம் பக்கம் 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் வந்தது. அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டுக்குள் முடித்தார்கள் என்று, அதாவது படிப்புக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு வைத்து, கணக்கெடுக்கிறார்கள். நாம் கடன் வாங்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். மூன்றாண்டுப் பட்டத்துக்கு நான்கு இடத்தில் எண்ணினால் போதும்: முதல் செமஸ்டரில் அரியர் இல்லாதவர், இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர், 3 ஆண்டில் முடித்தவர், அரியர் எழுதி நாலரை ஆண்டுக்குள் முடித்தவர். நான்கிலும் வகுக்கும் எண் 60-ஆகவே இருக்க வேண்டும். அதை மாற்றிவிட்டால் கணக்கே பொய்.

படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளை யார் என்பது வருகைப் பதிவேட்டில் ஆறாவது வாரத்திலேயே தெரியும். பதிவேட்டைப் பெயர்வாரியாகப் படிக்காமல் கட்டம் கட்டமாகப் பாருங்கள். முதல் பீரியடில் மட்டும் தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால் பெரும்பாலும் பஸ் காரணம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்கும் ஊர்கள் உண்டு. கடைசி பீரியட் விழுந்தால் துணிக்கடை, பேக்கரி, ஓட்டல் வேலை. திங்கட்கிழமை விழுந்தால் ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போன அசதி. செவ்வாய் விழுந்தால் பொய்கை மாட்டுச் சந்தை இருக்கிறது. வீட்டில் மாட்டு வியாபாரம் உண்டா என்று கேளுங்கள். ஒரு சிக்கல், டே ஆர்டர் போட்டு, அதாவது கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணி நடக்கும் கல்லூரியில் கிழமை பதிவேட்டில் தெரியவே தெரியாது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஆபத்தாகவே தெரியாது. 18 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 5 பீரியட் என்றால் மொத்தம் 450. தினமும் முதல் பீரியட் போனால் 90 போகும், வருகை 80 விழுக்காடு. செவ்வாய்தோறும் முழு நாள் போனாலும் அதே 80. இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்தால் 162 பீரியட் போய் 64-இல் வந்து நிற்கும். 75-க்குக் கீழே போனால் வருகைக் குறையை மன்னிக்கும் காண்டனேஷன் கட்டணம் கட்டித் தப்பிக்கலாம். ஆனால் பல பல்கலைக்கழக விதிகளில் அந்தச் சலுகையும் 65-இல் முடிந்துவிடும். ஒரே ஒரு விழுக்காட்டில் தேர்வு போய்விடும். வருகைப் பற்றாக்குறைப் பட்டியலைச் செமஸ்டர் முடிவில் ஒட்டுவதால் யாருக்கும் பயனில்லை. ஆறாவது வாரம் துறைத் தலைவர் மேசைக்கு அது வர வேண்டும். மருந்தும் சின்னதுதான். பஸ் காரணம் என்றால் எந்த ஊர், எத்தனை பேர், எந்த நேரம் என்று எழுதிப் பணிமனை மேலாளருக்கு முதல்வர் கையெழுத்தோடு மனு கொடுக்கலாம். அது நடக்கும்வரை அந்த வகுப்புக்கு முதல் பீரியடில் ஒரே பாடத்தைத் தொடர்ந்து வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கலாம்.

அடுத்தது மொழி. பிளஸ் டூ-வில் கணக்குப்பதிவியலைத் தமிழில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், முதல் இன்டர்னலில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. குறிப்பேடு என்று படித்ததை இங்கே ஜர்னல் என்கிறார்கள். பேரேடு லெட்ஜர் ஆகிவிட்டது. இருப்பாய்வு ட்ரையல் பேலன்ஸ், தேய்மானம் டெப்ரிசியேஷன், நற்பெயர் குட்வில். பாடத்துக்கு 100 சொல் இப்படி இருபுறமும் எழுதிய நான்கு பக்கத் தாள் முதல் வாரமே கையில் இருந்தால் பாதிச் சுமை இறங்கும். மீதிப் பாதி வினாத்தாள் சொற்கள். டிஸ்டிங்விஷ், எனுமரேட், இலஸ்ட்ரேட் என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள், எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர் குறைவு. பிரிட்ஜ் கோர்ஸ் என்ற பெயரில் இரண்டு வாரம் இலக்கணம் நடத்துவதைவிட இப்படி இருபது வினாத்தாள் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது மேல்.

பணத்துக்கு வருவோம். மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின; மாதம் 1,000 ரூபாய். வட்டாரத்துப் பல வீட்டில் பஸ்ஸும் நோட்டும் இதில்தான் ஓடும். வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு. ஆதாரை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அந்தக் கணக்கை அரசுப் பணம் வாங்கும் கணக்காக என்பிசிஐ-யில் (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) இணைத்திருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் இணைத்தார்களோ பணம் அங்கேதான் போகும். பள்ளியில் திறந்த கணக்கு முடங்கிக் கிடக்கும்; பிள்ளை புதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று பெயர்: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. இதைச் சேர்க்கை நாளிலேயே பார்த்துவிட்டால் ஓர் ஆண்டு அலைச்சல் மிச்சம்.

சவ்வாது மலைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பழங்குடிச் சாதிச் சான்று கோட்ட அளவில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தருவது, தாசில்தார் தருவதல்ல, நாள் பிடிக்கும். இந்த மலைகளில் வாழும் மலையாளி இனம் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிப் பட்டியலில் இருப்பது 'வட ஆற்காடு' உள்ளிட்ட பழைய மாவட்டப் பெயர்களோடு. 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது. அப்பா சான்றில் ஒரு மாவட்டம், பிள்ளை சான்றில் வேறு மாவட்டம் இருப்பது இயல்பு. அலுவலக மேசையில் இதைக் குறையென்று திருப்பி அனுப்பக் கூடாது. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் உதவித்தொகை இந்தத் தாளில்தான் தொங்குகிறது.

ஆறு மாதச் சான்றிதழ், ஓராண்டு டிப்ளமோ நடத்தும் சமுதாயக் கல்லூரிகள் ஆறாவது வாரம்வரை காத்திருக்க முடியாது. மூன்றாவது வாரமே பார்க்க வேண்டும். அங்கே எண்ண வேண்டிய இன்னொரு எண், வேலைக்குப் போனவர் ஆறு மாதம் கழித்தும் அதே தொழிலில் இருக்கிறாரா என்பது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் படிக்காமலே கிடைக்கும் வேலைக்கு டிப்ளமோ கொடுத்து அனுப்பினால் அது வெற்றிக் கணக்கில் சேராது.

கடைசியாக டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்க வரும் நாள். காரணம் என்ற கட்டத்தில் எழுத்தர் வழக்கமாக 'சொந்தக் காரணம்' என்று போட்டு முத்திரை குத்துவார். அந்த ஒரு சொல்லில் மேலே சொன்ன அத்தனையும் புதைந்துபோகும். பஸ், வேலை, அரியர், கல்யாணம், கட்டணம், உடல்நிலை என்று ஆறு கட்டம் அச்சிட்டு டிக் அடிக்கச் செய்யுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இலேயே சொல்லிவிட்டது. அன்றே திருப்பிக் கொடுங்கள். கூடவே, இடைநின்றவர் மீண்டும் சேர என்ன விதி, யாரிடம் மனு, எந்த மாதத்துக்குள் என்று அரைப் பக்கத்தில் எழுதி அதே உறையில் வைத்து அனுப்புங்கள்.