எழுதி வாங்கிய தாள் படகுக்காரரைக் காப்பாற்றாது

காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் படகு உரிமையாளர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தாளைத்தான் என் மேசைமேல் வைக்கிறார்கள். "படகில் எது நடந்தாலும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று முத்திரைத்தாளில் எழுதி, வாடகைக்கு எடுத்தவரின் கையெழுத்தை வாங்கியிருப்பார்கள். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு அதே தாளை நம்பி அண்மையில் இன்னொருவரும் வந்ததால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தாள் குற்ற வழக்கைத் தடுக்காது. உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள, அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகில் கூலிக்கு ஆள் கொண்டு செல்பவரை மட்டுமன்றி, அப்படிக் கொண்டு செல்ல வைப்பவரையும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆவது பிரிவு தண்டிக்கிறது. அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அரசு தொடுக்கும் வழக்கை, இருவர் தமக்குள் எழுதிக்கொண்ட ஒரு வரி எப்படி நிறுத்தும்?

"இன்ஜினில் பழுது இருந்தது எனக்கே தெரியாது, சார்" என்பது அடுத்த பதில். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 150ஆவது பிரிவில், வாடகைக்கு விட்ட பொருளின் பழுதால் நேரும் சேதத்துக்கு, அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் உரிமையாளரே பொறுப்பு என்கிறது. தெரியாது என்ற வாதம் இலவசமாக இரவல் கொடுத்தவருக்கு உதவலாம். வாடகை வாங்கியவருக்கு உதவாது.

மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு மீன்பிடிக்கத்தான். அதன் காப்பீட்டை நம்பி உல்லாசப் பயணத்துக்கு ஆள் ஏற்றாதீர்கள். ஆற்றிலும் உப்பங்கழியிலும் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கேட்கிறது.

நம் பக்கத்திலேயே, பழவேற்காட்டில், 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் லைஃப் ஜாக்கெட்டுகளைச் சாக்கில் கட்டிப் பலகைக்கு அடியில் போட்டு வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே வாங்குங்கள்; கரையிலேயே மாட்டிவிட்டு, பட்டை இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதுங்கள். முகத்துவாரத்து அலையைப் பழகாதவரிடம் படகைத் தராதீர்கள்; குடித்திருப்பவரிடம் எந்நிலையிலும் தராதீர்கள். காணும் பொங்கலன்று "இன்னும் இரண்டே பேர், அண்ணே" என்று கெஞ்சுவார்கள். தயவுசெய்து அன்று நீங்களே கரையில் நின்று, தலையை எண்ணி ஏற்றுங்கள்.