மாஸ்டர் சிலிண்டர் பெரிசானால் பிரேக் பெரிசாகாது

போன மாசம் ஒரு தம்பி, தவளக்குப்பத்தில் திடீரென்று நின்ற பஸ்ஸின் பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு, நேராக என் பட்டறைக்கு வந்தான். 200 சிசி வண்டி, முன்னாடி ஒரே டிஸ்க். ஹேண்டில்பாரில் பளபளவென்று ஒரு 19 மி.மீ. ரேடியல் மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பம்ப்), ஆன்லைனில் வாங்கி அவனே மாட்டியது. "அண்ணா, லீவர் கல்லு மாதிரி நிக்குது, வண்டிதான் நிக்க மாட்டேங்குது" என்றான். இதைவிடச் சுருக்கமா இந்த விஷயத்தை என்னாலும் சொல்ல முடியாது.

முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டை ஒட்டி பட்டறை வைத்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் பிரேக் ஏறிவிடும் என்று நினைத்து வருகிற பசங்க வாராவாரம் வருகிறார்கள். சைலன்சர் மாற்றினால் அதிகபட்சம் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், இது அப்படியில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு சிரிஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று 2 மில்லி, இன்னொன்று 20 மில்லி. இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, ஊசி வழியாக ஒரே வேகத்தில் பீய்ச்சப் பாருங்கள். ஒல்லியானதைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே பீய்ச்சி அடிக்கும். குண்டானதை அழுத்த அழுத்தக் கட்டைவிரல் வலிக்கும். மாஸ்டர் சிலிண்டரும் அவ்வளவுதான். உங்கள் விரல் கொடுக்கிற பலம் ஒன்றுதான், பிஸ்டனின் பரப்பு கூடக்கூட அதே பலத்தில் கிடைக்கிற அழுத்தம் குறையும். பெரிய பிஸ்டன் ஆயிலை அதிகமாகத் தள்ளும், ஆனால் குறைந்த அழுத்தத்தில். இதைக் கண்டுபிடித்து எழுதிய பாஸ்கல் ஒரு பிரெஞ்சுக்காரர். 1662-லேயே இறந்துவிட்டார், பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்கு வந்து உட்கார்ந்தது 1674-ல். இங்கே நமக்கு அவர் நேரடியாகச் சொல்லித்தர வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

கணக்கு கடினமில்லை. இந்த மாதிரி ஒற்றை டிஸ்க் வண்டிகளில் கம்பெனி மாஸ்டர் பெரும்பாலும் 12.7 மி.மீ. அல்லது அதை ஒட்டிய அளவில் இருக்கும், அதாவது அரை இன்ச். அதன் பிஸ்டன் பரப்பு சுமார் 127 சதுர மி.மீ. 19 மி.மீ.க்குப் போனால் சுமார் 283. இரண்டே கால் மடங்கு. லீவர் நீளமும் முட்டுகிற இடமும் ஒன்றாகவே இருந்தால், அதே விரல் பலத்துக்கு, டிஸ்க்கைப் பிடிக்கிற பேடில் போய்ச் சேருகிற அழுத்தம் பாதிக்கும் கீழே. அந்தத் தம்பிக்கு லீவர் கல்லாக நின்றது அதனால்தான். லீவர் கொஞ்சம்தான் அசைகிறது, அதனால் "செம ஸ்ட்ராங்" என்று தோன்றுகிறது. லீவர் கெட்டியாக இருப்பதும் பிரேக் பிடிப்பதும் வேறு வேறு என்பதைப் புரியவைக்கத்தான் எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கிறது.

அப்படியென்றால் 19 மி.மீ. யாருக்கு? முன்னாடி இரண்டு டிஸ்க், பக்கத்துக்கு நாலு பிஸ்டன் வைத்த பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) உள்ள 600, 1000 சிசி வண்டிகளுக்கு. அங்கே தள்ளவேண்டிய ஆயில் அதிகம், காலிப்பர் பக்கத்துப் பரப்பும் அதிகம், அதனால் விகிதம் சரியாக வருகிறது. ரேடியல் என்றால் ஏதோ மந்திரம் என்று நினைக்கவேண்டாம். சாதாரண மாஸ்டரில் பிஸ்டன் ஹேண்டில்பாருக்கு இணையாகப் படுத்திருக்கும், ரேடியலில் நீங்கள் லீவரை இழுக்கிற திசையிலேயே நிற்கும், அதனால் லீவரின் தள்ளல் நேராகப் போகிறது, கைக்கு உணர்வு துல்லியமாக வருகிறது. பெட்டியில் 19x18 என்று போட்டிருந்தால் முதல் எண் பிஸ்டன் விட்டம், இரண்டாவது லீவர் ஊன்றுகிற புள்ளிக்கும் பிஸ்டனைத் தள்ளுகிற புள்ளிக்கும் உள்ள தூரம். இரண்டாவது எண் கூடினால் லீவரின் நெம்புபலம் குறையும். பிரெம்போவின் ஆர்சிஎஸ் வரிசையில் இந்த 18-ஐயும் 20-ஐயும் ஒரு சின்னத் திருகில் மாற்றிக்கொள்ளலாம்.

சின்னதாகப் போட்டாலும் வம்புதான். ஆர்எக்ஸ் 100-க்கு முன்னாடி டிஸ்க் மாட்டுவது நம் பக்கம் இன்னும் ஓயவில்லை. அதில் காலிப்பர் ஒரு வண்டியிலிருந்தும், மாஸ்டர் ஏதாவது ஸ்கூட்டரிலிருந்தும் வரும். பெரிய காலிப்பருக்குச் சின்ன மாஸ்டர் போட்டால் லீவர் வெண்ணெய் மாதிரி இறங்கும், பேட் டிஸ்க்கைத் தொடுவதற்குள் லீவர் கிரிப்பில் போய் முட்டிக்கொள்ளும். அதனால் மாற்றியே தீருவேன் என்றால், பழையதைக் கழற்றி அடியில் பாருங்கள், 1/2, 5/8, 14 என்று ஏதாவது வார்ப்பிலேயே போட்டிருக்கும். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்கு மேல் போகவேண்டும் என்றால் காலிப்பரையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

சரி, அந்தத் தம்பி ஏன் மாற்றினான்? பழைய பிரேக் "ஸ்பான்ஜ் மாதிரி" இருந்ததாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்போது அவன் வண்டி ஹேண்டில்பார் வரைக்கும் தண்ணீரில் நின்றதாம். அதற்கப்புறம் என்ஜின் ஆயிலை மாற்றியிருக்கிறான், ஏர் ஃபில்டரை மாற்றியிருக்கிறான். டிஸ்க் ஆயிலை யாரும் தொடவே இல்லை. மாஸ்டரைத் தானே மாற்றியபோதுகூட மேலே மட்டும் ஊற்றி நிரப்பியிருக்கிறான், காலிப்பரிலும் ஓஸிலும் (மாஸ்டரிலிருந்து காலிப்பருக்கு ஆயில் போகிற குழாய்) இருந்தது பழைய ஆயில். காலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தால் டீத்தூள் கலரில் வந்தது.

டிஸ்க் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று வகைகள் உண்டு, மூன்றுமே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வகை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். ஊருக்குள் காந்தி வீதியில் ஓட்டும்வரை இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரெண்டு பேராக இறங்கும்போது தெரியும், ஆயில் கொதித்துக் குமிழி வந்து, லீவர் வெறுங்கையாக இறங்கும். இதில்லாமல் கடற்கரை ஊர் நமக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று என்று கையேட்டில் போட்டிருப்பதை நான் வருஷத்துக்கு ஒரு தடவை என்றுதான் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கூடை கட்டிக்கொண்டு போகிற அண்ணன்களின் வண்டியில் ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின் காலிப்பர் பிஸ்டன் பூத்துப்போயிருக்கும். முன்பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் மாஸ்டரின் ரப்பர் பூட்டை விலக்கினால் வெள்ளையாக ஒரு பொடி தெரியும். அலுமினியம் அரித்த பொடி அது. அதைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள், நகம் எங்காவது மாட்டினால் கிட் (உள்ளே மாற்றுகிற புது ரப்பர் செட்) போட்டுப் பிரயோஜனமில்லை, அந்தச் சொரசொரப்பு புது ரப்பரை ஒரு மாசத்தில் கிழித்துவிடும். அப்போதுதான் மாஸ்டரையே மாற்றவேண்டும், அதுவும் அதே அளவில்.

ஆக, பிரேக் போதவில்லை என்று வந்தால் நான் பார்க்கிற வரிசை: பேட், காலிப்பர் நகர்கிற பின்களில் கிரீஸ், ஆயில், அப்புறம் ரப்பர் ஓஸ். பழைய ரப்பர் ஓஸ் அழுத்தும்போது வீங்கும், உங்கள் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். ஸ்டீல் பின்னல் ஓஸ் மாற்றினாலே வந்தவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். மாஸ்டர் கடைசியில்தான் வரும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஓஸ் யார் கண்ணுக்கும் தெரியாது இல்லையா.

மாற்றும்போது நடக்கிற தப்புகளைப் பற்றி. ஓஸை மாஸ்டரோடு இணைக்கிற பேன்ஜோ போல்ட் எல்லாம் 10 மி.மீ. தான், பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஜப்பான் வண்டிகளில் த்ரெட் இடைவெளி பெரும்பாலும் 1.25, பிரெம்போ மாஸ்டரில் 1.0. இதை அதில் வைத்துத் திருகினால் ரெண்டு சுற்று இனிமையாகப் போகும், அப்புறம் இறுகும், "ஆ, டைட் ஆயிடுச்சு" என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அலுமினிய த்ரெட் மொத்தமும் போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதை ஒரே இழுப்பில் ஒருத்தர் முடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விரலாலேயே கடைசிவரை போகவேண்டும், போகவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்க வாஷரும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

லீவர் விஷயம் இன்னும் மோசம். மாஸ்டருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. லீவரை விட்டதும் அது திறந்து, சூடாகி விரிந்த ஆயில் மேலே டப்பாவுக்குப் போக வழிவிடும். கலர் கலராக வரும் ஷார்ட் லீவர்களில் சில, பிஸ்டனை எப்போதும் ஒரு நூல் தள்ளியே வைத்திருக்கும். துளை மூடியே கிடக்கும். வண்டி ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பேடை அழுத்தும், அழுத்த அழுத்த இன்னும் சூடாகும், கடைசியில் முன் சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆரில் அப்படி நின்ற வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், இங்கே வந்து சேர்வதற்குள் ஆறி சக்கரம் சுகமாகச் சுற்றியது, ஓட்டியவனை எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். புது லீவர் போட்டால் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சமாவது சும்மா ஆடவேண்டும். அதைச் சரிபாருங்கள்.

வெளியில் வாங்கும் பல மாஸ்டர்களில் பிரேக் லைட் சுவிட்ச் கிடையாது. முன் பிரேக் மட்டும் பிடித்தால் பின்னாடி லைட் எரியாது, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. பிரஷர் சுவிட்ச் வைத்த பேன்ஜோ போல்ட் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் விற்கிற எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம். அந்த வண்டிகளில் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில மாடல்களில் ஸ்கேனர் மாட்டி மோட்டாரை ஓடவிட்டால்தான் வெளியே வரும், வீட்டு வாசலில் பாட்டிலும் டியூப்பும் வைத்து எடுக்க முடியாது. மாஸ்டருக்கு ஆயில் டப்பாவைத் தனியாக வைக்கிறவர்கள் மீன்தொட்டிக் கடை டியூப் போடாதீர்கள். வெயிலிலும் ஆயிலிலும் அது கண்ணாடி மாதிரி விறைத்து வெடித்துவிடும். சிந்திய ஆயில் டேங்க் பெயின்ட்டையும் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கிளட்ச் மாஸ்டர் பற்றியும் கேட்கிறார்கள். இங்கே ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் கிளட்ச்தான், அதை ஹைட்ராலிக் ஆக்குவது என் பார்வையில் வீண் செலவு, புதுக் கேபிள் போட்டு வளைவில்லாமல் ஓடவிட்டாலே கை லேசாகும். ஹயபுசா மாதிரி ஹைட்ராலிக் கிளட்சோடு வருகிற பெரிய வண்டிகளில் கணக்கு அதேதான், ஆனால் அறிகுறி வேறு. கை வலிக்கிறது என்று 14-லிருந்து 12.7-க்கு இறங்கினால் லீவர் லேசாகும், தள்ளுகிற ஆயிலும் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். கிளட்ச் முழுசாகப் பிரியாது. சிக்னலில் முதல் கியரில் நிற்கும்போது வண்டி முன்னால் நகரப் பார்க்கும், நியூட்ரல் விழவே விழாது, கியர் பாக்ஸ் போச்சு என்று யாராவது பயமுறுத்துவார்கள்.

அதைவிட முக்கியம், சில ஐரோப்பிய வண்டிகளின் கிளட்ச்சில் டாட் 4 கிடையாது, மினரல் ஆயில். மூடியிலேயே எழுதியிருக்கும். ஒயிட் டவுனில் ஒரு பெரியவர் வைத்திருந்த வண்டிக்கு வேறொரு இடத்தில் நல்லெண்ணத்தோடு டாட் 4 ஊற்றிவிட்டார்கள். உள்ளே ரப்பர் எல்லாம் ஊறி உப்பிப் போய், மேலேயும் கீழேயும் ரெண்டு சிலிண்டருக்கும் கிட் வரவழைக்க மூன்று வாரம் ஆனது.

வேலை முடிந்ததும் ரோட்டுக்குப் போகும் முன் லீவரை நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள், ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி ஓஸ் இழுக்கிறதா, லீவர் டேங்கில் இடிக்கிறதா பாருங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் அடி எப்போதும் வெறுமையாகத்தான் போகும். இதை மறந்து என் பட்டறை கேட்டிலேயே மோதியவர்கள் இருக்கிறார்கள், அந்த நெளிவை இன்னும் எடுக்கவில்லை.

தம்பியின் வண்டிக்குப் பழைய மாஸ்டரையே தேடி எடுத்து வரச்சொன்னேன். உள்ளே நகம் மாட்டவில்லை, கிட் போட்டேன், ஓஸ் மாற்றினேன், ஆயில் முழுசாக மாற்றி ஏர் எடுத்தேன். மரப்பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தவன், "ரெண்டே விரல்ல நிக்குதுண்ணா" என்றான். அந்த 19 மி.மீ. இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. ஆயிரம் சிசி வண்டி வாங்கும்போது வந்து எடுத்துக்கொள்கிறானாம்.