பணவீக்கம் இறங்கியது, விலை இறங்கவில்லை

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி இலங்கையின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சரியாக ஓராண்டு கழித்து அது 1.3 சதவீதமாக இருந்தது. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர், வீட்டுச் செலவும் அதே அளவுக்குத் தணிந்திருக்கும் என்று நம்புவது இயல்பே. ஆனால் கடைக்குப் போய்வந்த எவருக்கும் அப்படித் தோன்றவில்லை. அவர்கள் உணர்ந்ததே சரி.

அரிசி, மருந்து, பஸ் கட்டணம், வாடகை, மின்சாரம் என ஒரு குடும்பம் வழமையாகச் செலவிடும் பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையாகக் கொண்டு, செலவில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பங்குக்கேற்ப நிறை கொடுத்துத்தான் சுட்டெண் கணிக்கப்படுகிறது. இம்மாதச் சுட்டெண், சென்ற ஆண்டின் இதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்பதே செய்தியில் வரும் பணவீக்கம். ஆகவே அது விலை ஏறிய வேகத்தைத்தான் சொல்கிறது. விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

மாதம் 50,000 ரூபாய் சம்பளம் மாறாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலை 69.8 சதவீதம் ஏறினால் சம்பளத்தை 1.698 ஆல் வகுக்க வேண்டும். பலர் செய்வதுபோல் 69.8 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. கையில் அதே 50,000 இருந்தாலும், ஓராண்டுக்கு முந்திய விலையில் அதன் பெறுமதி ஏறத்தாழ 29,450 ரூபாய்தான். அடுத்த ஆண்டின் 1.3 சதவீதம் இந்த ஏறிய விலையின் மேல் வந்து சேர்கிறது. பெறுமதி சுமார் 29,070 ஆகிறது. (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013 இலிருந்து 2021 க்கு மாற்றப்பட்டதால், இது கிட்டத்தட்டக் கணக்கே.) பழைய வாழ்க்கைக்குத் திரும்ப அந்த வீட்டுக்கு 2023 செப்டெம்பரில் 86,000 ரூபாய் வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, −0.5 க்குப் போனபோதுகூட, இத்தொகை சில நூறு ரூபாய்தான் குறைந்தது.

இத்தனையும் சராசரிக் குடும்பத்தின் கணக்கு. வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் ஏர்ன்ஸ்ட் ஏங்கல் 1857 இலேயே காட்டியிருந்தார். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், உணவல்லாதவற்றுக்கு 57.6. செலவில் பாதியை உணவுக்குக் கொடுத்த வீட்டுக்கு இவை சேர்ந்து 76 சதவீதத்துக்கு மேல் வருகின்றன. கால் பங்கு மட்டும் கொடுத்த வீட்டுக்கு 67. சம்பள உயர்வு பேசப்படும் இடத்தில் எடுத்துக்கொள்ளப்படுவதோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள 69.8 தான், முதலாவது வீட்டுக்கு அது போதாது.