பதவிப் பெயரை மறைத்துவிட்டுச் சம்பளத்தைப் பாருங்கள்

"எங்க கம்பெனியில ஆம்பளை, பொம்பளை வித்தியாசமே கிடையாது சார், ஒரே கிரேடுன்னா ஒரே சம்பளம்" என்று முதலாளிகள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். யாரை எந்த கிரேடில் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதனால் ஒரு கம்பெனியில் ஆண், பெண் சம்பளம் சமமா என்று பார்க்கப் போனால், சம்பளப் பட்டியல் கைக்கு வந்ததும் பதவிப் பெயரை மறைத்துவிட்டு, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஃப்ளோரில் போய்க் கேட்பேன். ஒரு பின்னலாடை யூனிட்டில் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கும் பெண்களுக்கு 'செக்கிங் ஹெல்ப்பர்' என்று பெயர், அதே மேஜையில் அதையே பார்க்கும் ஆண்களுக்கு 'க்யூ.சி.' (தரக் கட்டுப்பாடு), சம்பளமும் கூடுதல். கேட்டால், ஆண்கள் பண்டல் தூக்குவார்களாம். எப்போதாவது தூக்குவார்கள், அவ்வளவுதான்.

சட்டம் இதற்கு மயங்காது. 1976 சம ஊதியச் சட்டமும் சரி, அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றைத்தான் பார்க்கச் சொல்கின்றன (புதிய தொகுப்பு அனுபவத்தையும் சேர்த்திருக்கிறது); நடைமுறையில் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாத வித்தியாசம் கணக்கில் வராது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனியின் வழக்கில் கம்பெனித் தரப்பினர், பெண் ஸ்டெனோகிராஃபர்கள் தனி வகை, யூனியனோடு ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனியால் கொடுக்க முடியாது என்றெல்லாம் வாதாடினார்கள். 1987இல் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. அப்புறம், "ஆண்கள் சம்பளத்தைக் குறைச்சுச் சமமாக்கிடலாமா?" என்று ஒருவராவது கேட்பார். கூடாது, அதையும் சட்டமே தடுத்திருக்கிறது.

அலுவலக வேலையில் இது வேறு மாதிரி ஒளிந்திருக்கும். பிரசவ விடுப்பில் இருந்த வருடம் "அப்ரைசல் செய்ய ஆள் இல்லை" என்று இன்க்ரிமென்ட்டை விட்டுவிடுவார்கள். 20,000 வாங்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஒரு தடவை 10 சதவீதம் விட்டுப்போனால் வித்தியாசம் 2,000. அதன்பின் இருவருக்கும் வருடாவருடம் அதே 10 சதவீதம் ஒழுங்காகக் கொடுத்தாலும் ஐந்தாவது வருடம் அது 3,221 ஆகிவிடும், யாரும் தப்பு செய்ததாகவே தெரியாது. ஆகவே இன்றைய சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமல், சேர்ந்த நாளிலிருந்து இன்க்ரிமென்ட் வரலாற்றை எடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் இப்படி ஒப்பிடும் ஷீட்டில் சேருங்கள். அவர்கள் சம்பளம் ஏஜென்சி பில்லாக வருவதால் ஹெச்.ஆர். பட்டியலில் இருக்காது, அக்கவுண்ட்ஸில்தான் கேட்டு வாங்க வேண்டும்.