'அப்ரூவ்டு' மனையில் தண்ணீர் நிற்குமா? சென்னையில் வீடு வாங்குவோர் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

சென்னைப் புறநகரில் மனை பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது, "சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு சார், பட்டா ரெடி, பேங்க் லோன் கிடைக்கும்." சி.எம்.டி.ஏ. என்றால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். கேட்டதும் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த வீடுகளில் முறையாக அனுமதி வாங்கியவையும் ஏராளம். அப்படியானால் அந்த அனுமதியில் வெள்ளத்தைப் பற்றி என்னதான் இருக்கிறது? வாங்குகிறவர் அதை எங்கே தேடிப் படிப்பது?

பத்திரம், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்கிறது. பட்டா, வருவாய்த் துறைப் பதிவில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்கிறது. திட்ட அனுமதி, அந்த இடத்தில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று சொல்கிறது. மூன்றிலும் தண்ணீர் வராது என்ற உத்தரவாதம் கிடையாது. தண்ணீரைப் பற்றிப் பேசும் காகிதம் வேறு. அது நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்று. பொதுப்பணித் துறையோடு அந்தத் துறை சேர்ந்திருந்த காலத்துப் பழக்கத்தில் இன்னும் 'பி.டபிள்யூ.டி. என்.ஓ.சி.' என்றுதான் பலரும் சொல்வார்கள்.

ஏரி, ஆறு, வாய்க்கால் பக்கத்திலோ தாழ்வான பகுதியிலோ பெரிய கட்டடமோ மனைப்பிரிவோ வருகிறது என்றால், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இந்தச் சான்றைக் கேட்கும். துறையின் பொறியாளர்கள் இடத்தைப் பார்த்து, வெள்ள மட்டத்தோடு ஒப்பிட்டு, நிபந்தனைகளோடு கடிதம் தருவார்கள். தரையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும், சிறுபாலம் எப்படி அமைய வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த மனைக்கு வெள்ளம் எந்த வழியாக வரும் என்பதை அரசே எழுதிக் கொடுத்த காகிதம் அது. ஆனாலும் வாங்குபவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

என் சித்தப்பா மகன் துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தான். "அந்த என்.ஓ.சி. நகலை மட்டும் வாங்கிப் பாருடா" என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்த பிறகு கொடுத்தார்கள். கிழக்கு எல்லையில் ஓடும் வாய்க்காலை எக்காரணம் கொண்டும் குறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் வருவாய்த் துறை வரைபடம்) எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். வரைபடத்தில் அகலமாக ஓடிய வாய்க்கால், நேரில் மதில் சுவருக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருந்தது. ஒரு குழாயின் வாயில் பாலித்தீன் பையும் ஆகாயத் தாமரையும் அடைத்துக் கிடந்தன. அவன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். ஆனால் அந்தக் குழாய்க்கு மேற்கே குடியிருப்பவர்களுக்கு வேறு இடம் இல்லையே என்பது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, மனையின் பூர்வீகத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுங்கள். இணைய சேவையிலேயே கிடைக்கும். 'ஏரி', 'குளம்', 'ஓடை', 'வாய்க்கால்', 'கழுவெளி' (சதுப்பு நிலம்) என்ற சொற்களில் ஏதாவது ஒன்று உங்கள் சர்வே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பேச்சே வேண்டாம். 2017இல் வந்த அங்கீகாரமில்லா மனைகளின் வரன்முறைத் திட்டத்திலும் நீர்நிலையில் விழும் மனைகளுக்கு இடமில்லை. ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டுவரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் அங்கே காப்பாற்றாது.

அடுத்தது, நிலப் பயன்பாடு. 2008இல் அமலுக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பில் எது குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம், எது திறந்தவெளி என்று வகுத்திருக்கிறது. குழுமத்தின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வகைப்பாட்டைப் பார்க்கலாம். திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்கு கடற்கரைச் சாலையோரம் 'நிலத்தடி நீர்ச் செறிவூட்டும் பகுதி' என்று ஒன்று இருக்கிறது. அங்கே பெய்யும் மழையை அந்த மணல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கிணறுகளில் நல்ல தண்ணீரும் அதனால்தான் கிடைக்கிறது. அதனாலேயே கட்டட அளவுக்குக் கட்டுப்பாடு கூடுதல். அந்த மணலின் மேல் முழுக்க சிமென்ட் தளம் போட்டுவிட்டால் கிணற்றுக்கு நீர் குறைவதோடு, தெருவில் தண்ணீரும் தேங்கும். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து மாநிலம் முழுக்கக் கட்டாயம். ஆனால் பெசன்ட் நகர் மணலில் உறிஞ்சுவது போல கிண்டி, வேளச்சேரிப் பாறையில் உறிஞ்சாது. குழியின் ஆழத்தையும் இடத்தையும் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்கரணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் அந்தக் கழுவெளியில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. கடலில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் அந்த நீர் மெதுவாகத்தான் இறங்கும். அதுவரை தாங்கி நிற்பது சதுப்பு நிலம்தான். 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தளமாக (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. அந்த எல்லையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு, ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. அந்தப் பக்கம் வாங்க நினைப்பவர்கள் இன்றைய நிலவரத்தைக் குழுமத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புரோக்கர் வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கடலோரத்துக்கு மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி உண்டு. உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர்வரை அது பொருந்தும் என்பது பலருக்கும் தெரியும். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றோரத்துக்கும் அது உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு எல்லாம் இதில் வரும். 2011 அறிவிக்கையில் இது 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், எது குறைவோ அது; 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கிவிட்டது. அந்தக் குறைப்பு எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதியில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். கடல்பக்கமாகக் கட்ட முடியாது. மீனவர் குப்பங்களும் அவர்களுடைய பொது இடங்களும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதும் விதி. குப்பத்தில் இருப்பவர்கள் படகு நிறுத்தும் இடமும் வலை காயும் இடமும் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், சொந்தமாகச் சின்ன வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் கொடுக்கும் தகவலுக்கு நீங்களே பொறுப்பு. பக்கத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். தரையை உயர்த்துவதாக இருந்தால் தண்ணீர் எங்கே போகும் என்றும் யோசியுங்கள். நீங்கள் மூன்றடி மண் கொட்டினால் உங்கள் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறைக்குத்தான் போகும்.

பில்டர் நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். குழுமத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, அனுமதி பெற்ற வரைபடம், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, அதன் நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். சர்வே எண், கிராமத்தின் பெயர் இரண்டையும் சரியாகக் குறிப்பிடுங்கள். உங்கள் பகுதியில் விவசாய நிலத்தையோ திறந்தவெளியையோ குடியிருப்பாக மாற்ற யாராவது விண்ணப்பித்தால் நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் சொன்ன கெடுவுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவுக்கும் இதே உரிமை உண்டு. தண்ணீர் நின்ற தெருவின் பெயர், தேதி, போட்டோ மூன்றையும் இணைத்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு, அந்தத் தெருவின் பழைய வீட்டில் போய் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் வாங்கப் போகும் வீட்டின் மின் மீட்டர் பெட்டியும், லிஃப்ட் மோட்டாரும், தண்ணீர்த் தொட்டியின் மூடியும் அந்த உயரத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள்.